முதலில் பாக்கியைக் கொடுங்கள், பிறகு விழுமியம் பேசலாம்

தொழில்முனைவோர் கூட்டங்களில் இப்போது ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். உங்கள் சொந்த விழுமியங்களைத் தொழிலோடு இணைப்பது எப்படி என்று தலைப்பு. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, மனதுக்கு முக்கியமான ஐந்து விஷயங்களை எழுதச் சொல்கிறார்கள். நேர்மை, குடும்பம், தரம், இயற்கை, சமூகம் என்று ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள். கம்பெனிக்குத் திரும்பியதும் அதை வண்ணத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

கோவையில் ஒரு வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து, மற்றவர்களின் பேலன்ஸ் ஷீட்டைப் படித்தே தலை நரைத்தவன் நான். என்னைக் கேட்டால், ஒரு முதலாளியின் விழுமியத்தைப் பார்க்க ஒரே ஒரு பட்டியல் போதும். சண்ட்ரி கிரெடிட்டர்ஸ். யாருக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாகப் பாக்கி. ஸ்டீல் வாங்கிய பெரிய கம்பெனிக்குப் பாக்கி இருக்காது, கொடுக்காவிட்டால் அடுத்த லோடு வராது. மின்வாரியத்துக்கு இருக்காது, ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். கணபதியில் இரண்டு லேத் வைத்து ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவருக்கு மட்டும் நான்கு மாதப் பாக்கி நிற்கும். அவரால் எதையும் பிடுங்க முடியாது.

நான்கு மாதம் என்பது அவருக்கு என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 10 லட்சத்துக்கு ஜாப் ஒர்க் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பணம் வந்தால் அவருடைய பணம் 10 லட்சம்தான் வெளியே நிற்கும். 120 நாள் என்றால் 40 லட்சம். கூடுதலாக நிற்கும் 30 லட்சத்துக்கு வங்கி வட்டி 12 சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். வங்கி கொடுக்குமா என்பது வேறு விஷயம். 90 நாளைத் தாண்டிய பில்களை டிராயிங் பவர் போடும்போது நாங்கள் பொதுவாகக் கழித்துவிடுவோம். ஆக, பணமும் வராது, அந்தப் பில்லைக் காட்டிக் கடனும் வாங்க முடியாது. இரண்டு வட்டிக்குத் தனியாரிடம் போனால் அதே 30 லட்சத்துக்கு வருஷம் 7 லட்சத்து 20 ஆயிரம். சின்னப் பட்டறையில் மீதமாவதே அவ்வளவு இருக்காது.

இதோடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில் போட்டால் அடுத்த மாதமே வரியைக் கட்டியாக வேண்டும், பணம் வந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கியவரோ அந்த வரியைத் தன் கணக்கில் உடனே வரவு வைத்துக்கொள்ளலாம். 180 நாள் வரை பணம் கொடுக்காவிட்டால்தான் அதைத் திருப்ப வேண்டும். பட்டறைக்காரர் தன் கைக்காசிலிருந்து வரியைக் கட்ட, முதலாளி அதை அனுபவிக்கிறார். அந்த முதலாளியின் சுவரில் முதல் வரியே நேர்மை!

சட்டம் இல்லாமலும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6.75 ஆக இருந்த 2023-24இல் அது 20.25 சதவீதம். இந்த வட்டியைக் கேட்டு வாங்கிய ஒரு பட்டறைக்காரரை நான் பார்த்ததில்லை. கேட்ட மறுநாள் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தான் 2023-இல் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து அமல். என்ன நடந்தது தெரியுமா? பலர் மார்ச் கடைசிக்குள் அவசரமாகக் கொடுத்தார்கள், அந்த மட்டில் சந்தோஷம். ஆனால், "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, வேலை தர்றேன்" என்று ஜாப் ஒர்க்காரரிடம் சொன்னவர்களையும் எனக்குத் தெரியும். அன்னதானத்துக்கு இலை போடும்போது முதல் ஆளாக நிற்பவர்களும் அதில் இருந்தார்கள்.

"எங்களுக்கே பெரிய கம்பெனிக்காரன் 120 நாளில்தானே தருகிறான்" என்பார்கள். பாதி நியாயம். வரவேண்டியது தாமதமானால் அதற்கு வங்கியில் கேஷ் கிரெடிட் இருக்கிறது, பில் டிஸ்கவுண்ட் இருக்கிறது, டிரெட்ஸ் மேடை இருக்கிறது. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் டிரெட்ஸில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று அரசு 2024 நவம்பரில் அறிவித்தும் ஆயிற்று. அந்த வழிகளில் எல்லாம் வட்டி உண்டு. பட்டறைக்காரரிடம் இழுத்தடித்தால் வட்டி இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

எங்கள் வங்கிக் கணக்குமுறையும் இதற்கு உடந்தை. டாண்டன் கமிட்டி காலத்து முறைப்படி, நடப்புச் சொத்திலிருந்து கிரெடிட்டர்ஸைக் கழித்துத்தான் கடன் தேவையைக் கணக்கிடுவோம். அதாவது, சப்ளையர் பாக்கி என்பது ஒரு நிதி ஆதாரம். ஒரு மோட்டார் பம்பு முதலாளி சனிக்கிழமைதோறும் எல்லா ஜாப் ஒர்க் பில்லையும் தீர்த்துவிடுவார். கிரெடிட்டர்ஸ் ஏன் இவ்வளவு குறைவு, சப்ளையர் கடனை ஏன் பயன்படுத்துவதில்லை என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. அவரிடம் கேட்டேன். "அது என்ற பணம் இல்லீங்க சார்" என்றார். இதை ஃபைலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வட்டிச் செலவு அவருக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகம்தான். ஆனால் சீசனில் எல்லோரும் பாகங்கள் கிடைக்காமல் அலையும்போது, இவருடைய வேலைதான் எல்லாப் பட்டறையிலும் முதலில் மெஷினில் ஏறும்.

சொந்த நம்பிக்கையைத் தொழிலோடு இணைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில். என் வயதுக்காரர்கள் கவனிக்க! கட்ட முடிந்தவர் கட்டும் பணத்தில், முடியாதவருக்கும் அறுவை சிகிச்சை நடக்கும்படி கட்டணத்தை அமைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் எட்டாத விலைக்கு விற்றபோது, 1992-இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். அவருடைய நம்பிக்கை கட்டண அட்டையிலும் லென்ஸ் விலையிலும் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதற்குச் செலவும் ஆனது.

நம் ஆட்கள் செய்வது வேறு. 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அப்பாவுக்கு அதே கம்பெனி நான்கு மாதப் பாக்கி வைத்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி என்பதைக் கம்பெனிகள் தங்கள் பேலன்ஸ் ஷீட்டில் தனியாகக் காட்ட வேண்டும். ஒரு வருஷத்துக்குள், ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் என்று வயது வாரியாகவும் பிரித்துக் காட்ட வேண்டும். டிரேட் பேயபிள்ஸ் என்ற தலைப்பில் இருக்கும். விழுமியம் பற்றி மேடையில் பேசுகிற முதலாளி எந்தக் கம்பெனிக்காரர் என்று தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தக் குறிப்பைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.