பெட்ரோல் பைக்கை விற்றுவிடலாமா?

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வசூலுக்குப் போய்வர மின்சார ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். சென்னை வரை பைக்கிலேயே போவது வேறு கணக்கு. ஒரு கிலோ பெட்ரோலில் உள்ள ஆற்றல், ஒரு கிலோ பேட்டரியில் உள்ளதைப்போல் 40 மடங்குக்கும் மேல். எஞ்சின் அதில் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்கியும் பெட்ரோலே முந்துகிறது.

2022-ல் அறிமுகமான பெங்களூரு அல்ட்ராவயலெட் எஃப்77 வேகத்தில் சளைத்ததல்ல. ஆனால் பெட்ரோல் நிரப்ப 5 நிமிடம். சார்ஜ் ஏற்ற வெகுநேரம். ஆகவே நெடும்பயணத்துக்கு இப்போதைக்குப் பெட்ரோலே.

ஆனால் அந்தக் காத்திருப்புதான் நமக்கு வியாபாரம்! திருச்சி–சென்னை சாலையில் நிற்காமல் பறக்கும் வாடிக்கையாளரை நம் கடைவாசலில் நிறுத்துவது சார்ஜ் வசதியே. நம் சங்கம் முந்திக்கொள்ளுமா?