தலையங்க நோட்டைத் தூக்கிப் போடுங்கள்

ஆர்.கே.புரம் மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினால், தில்லித் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. "பையனுக்கு வொகாபுலரி பத்தலை சார். தினமும் தலையங்கம் படிச்சு பத்து கஷ்டமான வார்த்தை எழுதச் சொல்லியிருக்கேன்." பக்கத்தில் அகராதி அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னால் ஒப்பிக்க வேண்டும். இருபது வருஷமாக வடக்கே குப்பை கொட்டுகிறேன். இந்த நோட்டு இல்லாத தமிழ் வீட்டை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. அந்த நோட்டால் பைசா பிரயோஜனம் இல்லை. பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் வர வேண்டுமென்றால், தலையங்கத்தை மூடிவிட்டு முதல் பக்கச் செய்தியைக் கையில் கொடுங்கள்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு ஊரடங்கு என்றார் பிரதமர். சில வாரத்துக்குள் குவாரன்டைன், கன்டெய்ன்மென்ட் ஜோன், வென்டிலேட்டர் எல்லாம் காய்கறி வண்டிக்காரர் முதல் ஊரிலிருக்கும் அத்தை வரை எல்லார் வாயிலும் வந்துவிட்டது. யாராவது நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்தார்களா? 2016 நவம்பர் 8-க்குப் பிறகு டீமானடைசேஷன் என்று நாக்கு சுளுக்கும் சொல் வந்ததும் இப்படித்தான். தினமும் கண்ணில் பட்டது, நம் பாடோடு சம்பந்தப்பட்டிருந்தது, ஒட்டிக்கொண்டது. சூட்சுமம் அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 2017-ல் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று ஒரு சொல்லைப் போட்டார். நாடே அகராதியைப் புரட்டியது. நானும் ரசித்தேன். அதற்கப்புறம் ஆபீஸ் மெயிலில் அந்தச் சொல்லை எத்தனை தடவை எழுதினீர்கள் மக்களே? :-)

இன்னொரு விஷயம். செய்தியில் நம் பிள்ளைகளைக் கவிழ்ப்பது பெரிய சொற்கள் இல்லை, சின்னச் சொற்கள். கோர்ட் ஓர் உத்தரவை 'ஸ்டே' செய்தால் அதை நிறுத்தி வைக்கிறது. ஒருவர் கோர்ட்டை 'மூவ்' செய்தால் மனு போடுகிறார், கட்டடத்தை நகர்த்தவில்லை. தீர்ப்பை 'ரிசர்வ்' செய்வது ரயில் டிக்கெட் சமாச்சாரம் இல்லை, தள்ளி வைப்பது. நம் நாடாளுமன்றத்தில் மசோதாவை 'டேபிள்' செய்தால் தாக்கல் செய்கிறார்கள். அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கிடப்பில் போடுவது என்று அர்த்தம். கஷ்டமான வார்த்தையைத் தேடும் பையன் இதையெல்லாம் 'தெரிஞ்சதுதானே' என்று தாண்டிப் போவான். சொல்லை அதன் கூட்டாளிகளோடு பார்க்க வேண்டும். தனியே பிடுங்கி நோட்டில் நட்டால் பட்டுப் போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் குடியிருப்பில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் நாலு நாள் ஆங்கிலச் செய்தியை விடாமல் படித்தாள். பாட்டி வேளச்சேரியில். 'டிப்ரஷன்' என்பது மனச்சோர்வு மட்டுமல்ல, காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும்தான், அது வலுத்தால் 'டீப் டிப்ரஷன்', அப்புறம்தான் புயல் என்று எனக்கே பாடம் எடுத்தாள். 'லேண்ட்ஃபால்', 'இனன்டேட்டட்' இரண்டையும் அவள் இனி மறக்க மாட்டாள். எந்தக் கோச்சிங் சென்டரும் இதைத் தராது.

"எக்ஸாமுக்கு வேணுமே சார்?" என்பீர்கள். ஜி.ஆர்.இ. 2011-லேயே எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டது. எஸ்.ஏ.டி. 2016-ல் அபூர்வச் சொற்களைக் கைவிட்டு, பத்தியில் சொல் என்ன பொருளில் வருகிறது என்று கேட்க ஆரம்பித்தது. நம் எஸ்.எஸ்.சி. மாதிரித் தேர்வுகளில் இன்னும் கேட்கிறார்கள், வாஸ்தவம். அதற்குத் தேர்வுக்கு முந்தைய சில மாதம் போதும். ஆறாம் வகுப்பிலிருந்தா பிள்ளையை வதைப்பது?

ஒரே ஓர் எச்சரிக்கை. தலைப்புச் செய்தியின் ஆங்கிலத்தை அப்படியே எழுதப் பழக்காதீர்கள். 'மல்ஸ்', 'நாட்', 'நாப்ஸ்' எல்லாம் இடம் குறைவு என்பதால் தலைப்பில் வரும் சுருக்கங்கள். லீவ் லெட்டரில் "ஐ ஆம் மல்லிங் லீவ்" என்று எழுதினால் வாத்தியார் சிரிப்பார்.

என்ன செய்யலாம்? பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஒரு செய்தி. கிரிக்கெட்டோ, சந்திரயானோ, எதுவானாலும் சரி. ஒரு வாரம் தொடர்ந்து படிக்கட்டும். திரும்பத் திரும்ப வரும் மூன்று சொற்கள், முழு வாக்கியத்தோடு. ராத்திரி சாப்பிடும்போது அந்தச் செய்தியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

ஆமாம், தமிழில். பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால்தான் அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஊரை விட்டு ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளை, 'சாப்பாடு வேணும், தூக்கம் வருது' என்பதைத் தாண்டித் தமிழில் என்னதான் பேசுகிறது? நாட்டு நடப்பைப் பேசினால்தானே ஜாமீன், மசோதா, புயல் எல்லாம் அதன் வாயில் வரும்? தலையங்க நோட்டு ஆங்கிலத்தையும் தராமல், தமிழில் பேச வேண்டிய அந்த அரை மணி நேரத்தையும் தின்றுகொண்டிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய ஆத்திரம்.