‘மதிப்பூதியம்’ யாருக்குப் பொருந்தும்?

உழைப்புக்குக் கிடைப்பதைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அன்றன்று கையில் வாங்கினால் கூலி. மாதம் பிறந்ததும் வந்தால் சம்பளம். அரசாணையில் அதுவே ஊதியம். முயற்சியின் பலனைச் சுட்ட வள்ளுவர் எடுத்தாண்ட சொல் கூலிதான். குறளில் ஊதியம் என்பது ஆதாயம். கூலி என்ற சொல்லை இளக்காரமாக ஒலிக்கவைத்தது பின்னால் வந்த சமூகம்.

இந்த வரிசையில் மதிப்பூதியம் வேறு வகை. ஒருநாள் சொற்பொழிவுக்கு வரும் பேராசிரியருக்குத் தரும் தொகைக்கு அது பொருத்தமான பெயர். அவருடைய வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தொகையால் அல்ல. ஆனால் தினமும் மையத்தைத் திறந்து, குழந்தைகளுக்கு எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, பதிவேடு எழுதும் அங்கன்வாடி பணியாளருக்கு?

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975இல் தொடங்கியது. அங்கன்வாடி பணியாளர்களுக்கு ஒன்றிய அரசு தருவதன் பெயர் இன்றுவரை மதிப்பூதியம்தான். 2018 அக்டோபரில் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய் 4,500 ஆனது. உதவியாளருக்கு 1,500 ரூபாய் 2,250 ஆனது. தொகை கூடியது, பெயர் மாறவில்லை. கிராமந்தோறும் கர்ப்பிணிகளைத் தேடிச் செல்லும் ஆஷா பணியாளர்கள் பெறுவதற்கோ ‘ஊக்கத்தொகை’ என்று பெயர்.

பெயரோடு உரிமையும் போகிறது. ஊதியம் என்றால் குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் பேச்சுக்கு வரும். மதிப்பூதியம் என்றால் வாங்குபவர் தன்னார்வலர் ஆகிவிடுகிறார். அங்கன்வாடி, ஆஷா பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இலேயே 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது.

குஜராத் அங்கன்வாடி பணியாளர்கள் பணிக்கொடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும், மதிப்பூதியம் என்ற பெயரில் தரப்பட்டாலும் அது ஊதியமே.

தமிழ்நாட்டில் அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்கள் பெறுவது ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’. ஊதியம் என்ற சொல் வந்துவிட்டது. முன்னால் நிற்கும் ‘சிறப்பு’தான் அவர்களை மற்ற அரசு ஊழியர்களிடமிருந்து பிரித்து வைக்கிறது. அதை நீக்கிக் காலமுறை ஊதியம் தர வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. மாநில அரசு அதை ஏற்க வேண்டும். ஒன்றிய அரசோ தன் திட்ட விதிகளிலிருந்து மதிப்பூதியம் என்ற சொல்லை அடித்துவிட்டு, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத தொகையை அந்த இடத்தில் எழுத வேண்டும்.