மகளிர் உதைபந்தாட்டம் கொழும்பைத் தாண்டாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் சர்வதேச உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் அது கொழும்பில், அதுவும் ஆண்களுக்கு என்பது எழுதாச் சட்டமாகிவிட்டது. 2021 நவம்பரில் அன்றைய பிரதமரின் பெயர் தாங்கிய நான்கு நாடுகள் கிண்ணம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. 2024 மார்ச்சில் பீபா சீரிஸ் போட்டிகளும் அங்கேதான். மகளிருக்கான தெற்காசியக் கிண்ணம் 2012 செப்டெம்பரில் கொழும்புக்கு வந்தது. நமது அணி அரையிறுதி வரை சென்றது. அதன்பின் அக்கிண்ணம் இஸ்லாமாபாத், சிலிகுரி, பிராட்நகர் என்று சுற்றி, 2022இலும் 2024இலும் காத்மண்டுவில் நடந்ததே தவிர, இலங்கைப் பக்கம் திரும்பவில்லை. இனி மகளிருக்கென ஒரு சர்வதேச சிநேகபூர்வச் சுற்றுப்போட்டியை நாம் நடத்துவதானால் அதைக் கண்டி போகம்பறை மைதானத்தில் நடத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இது ஊர்ப்பற்றில் எழுந்த ஆசை அல்ல. முதலாவது தெற்காசிய மகளிர் கிண்ணத்தை 2010இல் பங்களாதேஷ் டாக்காவில் நடத்தவில்லை. கொக்ஸ் பஜாரில் நடத்தியது. சிலிகுரியும் பிராட்நகரும் கூடத் தலைநகரங்கள் அல்ல. கிரிக்கெட்டுக்குப் பல்லேகலையும் றக்பிக்கு நித்தவலையும் போதுமென்றால், உதைபந்துக்கு மட்டும் கண்டி எப்படிப் போதாமல் போகும்? போகம்பறை, ரயில் நிலையத்திலிருந்தும் மத்திய சந்தையிலிருந்தும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. நாவலப்பிட்டியிலிருந்தும் கம்பளையிலிருந்தும் ரயிலில் வரலாம். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டப் பாடசாலை மாணவிகள் பஸ்ஸில் வந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயுமுன் வீடு திரும்பலாம். கொழும்பில் என்றால் அதே பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் செலவு, இரவுத் தங்கல், பெற்றோரின் சம்மதம் என்று மூன்று தடைகள். ஊரைத் தெரிவு செய்யும்போதே யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பதையும் தெரிவு செய்துவிடுகிறோம்.

நமது மகளிர் அணி தோற்றுத்தானே வருகிறது என்பார்கள். உண்மை, 2022இல் பூட்டானிடம் 5-0 என்று தோற்றது. ஆனால் 2021 நான்கு நாடுகள் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ஆண்கள் அணி சொந்த மண்ணிலேயே சீஷெல்ஸிடம் பெனால்டியில் தோற்றபோது, இனி உங்களுக்குப் போட்டி கிடையாது என்று யாரும் சொல்லவில்லையே. சிநேகபூர்வப் போட்டியில் நம் பலத்துக்கு ஏற்ற எதிரணிகளை நாமே அழைக்கலாம். பீபா தரவரிசைக் கணக்கிலும் அது சேரும். பெண்களின் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்பவர்கள் 2024 ஜூலையில் தம்புள்ளையில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

முதலில் பாடசாலைகளில் விளையாட்டை வளருங்கள், பிறகு சர்வதேசப் போட்டி என்ற வாதம்தான் கனமானது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் காட்டியதைப்போல, பாடசாலையே அடித்தளம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒன்று முடிந்துதான் மற்றது என்று யார் சொன்னது? பங்களாதேஷ் 2010 டிசம்பரில் சர்வதேசப் போட்டியை நடத்தியது. மறு வருடமே ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கான தேசியக் கிண்ணத்தையும் தொடங்கியது. அந்தப் பாடசாலைக் கிண்ணத்தில் பேரெடுத்த கல்சிந்தூர் என்ற கிராமத்துப் பெண்கள் பின்னர் தேசிய அணியின் தூண்களானார்கள். அந்த அணி 2022, 2024 தெற்காசியக் கிண்ணங்களை வென்று, 2026 மகளிர் ஆசிய உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கும் முதன்முறையாகத் தகுதி பெற்றது. இங்கேயும் சர்வதேச ஆட்டம் நடக்கும் நாட்களில் காலையில் மத்திய மாகாண மாணவிகளின் ஆட்டங்களை அதே புல்தரையில் வைக்கலாம். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

மழை ஒரு பிரச்சினைதான். பெப்ரவரி, மார்ச் மாதங்களைத் தெரிவு செய்தால் அதுவும் பெரிதாக இராது. மைதானம் சர்வதேசத் தரத்துக்கு எட்டவில்லை என்று உதைபந்தாட்டச் சம்மேளனம் கருதினால், புல்தரையிலா, உடைமாற்றும் அறைகளிலா, ஒளிவிளக்கிலா எங்கே குறை என்பதை எழுத்தில் வெளியிடட்டும். மாநகர சபையும் விளையாட்டுத்துறை அமைச்சும் அதற்குத் திகதியிட்டுப் பதில் சொல்லட்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கட்டுகஸ்தோட்டை.