ஊசி வேண்டாம் என்பது யாருடைய சுதந்திரம்?



கொரோனா ஓய்ந்தது, ஊசிப் பேச்சும் ஓய்ந்தது என்று நாம் நினைத்திருந்தோம். ஓயவில்லை. அந்த நாட்களில் முளைத்த ஒரு வாதம் இன்னும் நமது சால்களிலும் குடிசைத் தெருக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "என் உடம்பு, என் இஷ்டம். ஊசி போட்டுக்கொள்வதும் போடாததும் என் தனிப்பட்ட சுதந்திரம். இதில் தலையிடச் சங்கத்துக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்கிறார்கள். பெரியவர்களின் ஊசியில் தொடங்கிய இந்த வாதம் இப்போது பச்சைக் குழந்தைகளின் ஊசி வரை வந்துவிட்டபடியால், பதில் சொல்லாமல் இருப்பது தகாது என்று கருதுகிறோம்.

சுதந்திரம் என்ற சொல்லை நாம் இளப்பமாக நினைப்பவர்கள் அல்ல. ஆனால் ஒன்று கேட்கிறோம். கோலி வாடகை உயரும்போது இந்தச் சுதந்திரம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? மேஸ்திரி நாள் கூலியில் கை வைக்கும்போது ஏன் வாய் திறப்பதில்லை? அங்கெல்லாம் ஊமையாக இருந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வருகிற நர்ஸம்மாவைக் கண்டதும் மட்டும் கர்ஜிக்கிறதே, அது என்ன வகைச் சுதந்திரம்?

தனி உடம்பு என்று ஒன்று மலபார் ஹில்லில் இருக்கலாம். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு குளியலறை உள்ள இடத்தில் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. சுமார் 2.5 சதுர கிலோமீட்டரில் 8 லட்சம் பேருக்கு மேல் வசிப்பதாகச் சொல்லப்படும் தாராவியில் ஏது தனி உடம்பு? ஒரே குழாய், ஒரே கக்கூஸ், ஒரே சந்து. ஒருவர் வெளியே விட்ட மூச்சைத்தான் அடுத்தவர் உள்ளே இழுக்கிறார். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது ஊரெல்லாம் நடுங்கியது இதனால்தான்.

கொரோனாவைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, தட்டம்மையைப் பாருங்கள். மணல்வாரி என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்வார்களே, அதுதான். 2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கோவண்டிப் பக்கம் தொடங்கி மும்பையின் ஏழைக் குடியிருப்புகளில் அது பரவியது. பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தன. நோய் கண்ட குழந்தைகளில் மிகப் பலர் ஊசி போடாதவர்கள்; ஊரடங்குக் காலத்தில் வழக்கமான ஊசிகள் தவறிப்போனதும் ஒரு காரணம். இந்த நோய் லேசுப்பட்டதல்ல. தடுப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒரு குழந்தைக்கு வந்தால் 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்பது வைத்தியக் கணக்கு. நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி நிற்கும். நூற்றுக்கு 95 குழந்தைகளுக்காவது இரண்டு தவணை ஊசி போட்டிருந்தால்தான் அது பரவ வழியில்லாமல் நிற்கும்.

முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்த பிறகு. இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். அப்படியானால் ஐந்து மாதக் குழந்தைக்கு என்ன காவல்? சுற்றியிருக்கும் மற்றக் குழந்தைகளின் கையில் ஏறிய ஊசிதான் அதற்குக் காவல். வேறொன்றும் இல்லை. எதிர்க் கோலிக்காரர் தம் மகனுக்கு ஊசி போடாமல் விடும்போது, பேசவும் தெரியாத அந்தக் கைக்குழந்தையின் காவலைப் பிடுங்குகிறார். "என் இஷ்டம்" என்கிறாரே, அந்தக் குழந்தையின் இஷ்டத்தை யார் கேட்டார்கள்?

தொழிற்சங்கத்தில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. ஊரே வேலை நிறுத்தத்தில் நிற்கும்போது உள்ளே போய்க் கையெழுத்துப் போடுகிறவன், பிறகு போராட்டத்தால் கிடைத்த கூலி உயர்வை மட்டும் முதல் ஆளாக வரிசையில் நின்று வாங்குவான். 1974 மே மாதத்து ரயில்வே வேலை நிறுத்தத்தைப் பற்றி மூத்த தோழர்கள் பேசும்போது அப்படிப்பட்டவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஊரார் பிள்ளைகள் வலியும் காய்ச்சலும் பட்டு உண்டாக்கிய பாதுகாப்பில் நைசாக ஒதுங்கிக்கொண்டு, "பார், என் பிள்ளைக்கு ஊசி இல்லாமலே ஒன்றும் ஆகவில்லை" என்று மார்தட்டுகிறவரும் கருங்காலிதான். செல்போனில் வீடியோ அனுப்பியே ஊரைக் கெடுக்கும் படித்த கருங்காலிகளைத்தான் முக்கியமாகச் சொல்கிறோம்.

பயந்துபோன தாயை அப்படிச் சொல்லமாட்டோம். அவள் வேறு, இவர்கள் வேறு. அவளுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது.

1896இல் இந்த பம்பாயில் பிளேக் வந்தது. ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி இங்கேயே தடுப்பு மருந்து கண்டுபிடித்து, 1897 ஜனவரி 10ஆம் தேதி முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பரேலில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது. அதே 1897இல் வெள்ளைச் சர்க்கார் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள், மக்கள் கொதித்தார்கள், பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். பிறகு 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், கெட்டுப்போன ஒரே ஒரு புட்டி மருந்தினால் 19 பேர் தனுர்வாயு கண்டு இறந்தார்கள். மருந்து நல்லதுதான், ஆனால் மருந்தைக் கொண்டு வந்த கை முரட்டுக் கை, சில சமயம் அஜாக்கிரதையான கை.

வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தக் கை மாறிவிடவில்லை. நெருக்கடி நிலையின்போது 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. அதில் எத்தனை பேர் மனமொப்பிப் போனார்கள் என்பதை நாடே அறியும். அதே 1976இல்தான் அணுசக்தி நிலையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்து, நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றையும் சேர்த்து சீட்டா கேம்ப்பில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே வளர்ந்த ஒரு பாட்டி, சர்க்கார் ஆள் கையில் எதைக் கொண்டு வந்தாலும் சந்தேகிக்கிறாள் என்றால் அதை மடமை என்று சொல்ல நமக்கு நா எழாது.

வதந்தியும் சேர்ந்துகொண்டது. 2021 ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். மறுநாளே ஊரிலிருந்து, "ஊசி போடாதே" என்று இங்கே எத்தனை வீடுகளுக்குப் போன் வந்தது! அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய சர்க்காரின் நிபுணர் குழு பிறகு சொன்னது. அது நம் வீடுகளுக்குப் போனில் வரவில்லை. ஊசியால் ஆபத்தே கிடையாது என்றும் நாம் சொல்லமாட்டோம். கோவிஷீல்டு மருந்தினால் மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வரலாம் என்பது 2021லேயே மருத்துவ உலகத்துக்குத் தெரியும். ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஆக்ஸிஜன் இல்லாமல் செத்தவர்கள் அரிதாகச் சாகவில்லையே!

இனி சர்க்காரிடம் வருவோம். கடமை, கடமை என்று நமக்குப் போதித்தவர்கள் தங்கள் கடமையை எப்படிச் செய்தார்கள்? 2021 ஆகஸ்ட் 15 முதல், இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் ஆனவர்களுக்குத்தான் மும்பை லோக்கல் ரயிலில் இடம் என்றார்கள். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மத்திய சர்க்காரின் இலவச ஊசி என்ற கொள்கை வந்ததே ஜூன் 21இல்தான். கோவிஷீல்டுக்கு இரண்டு தவணைக்கும் நடுவே 84 நாள் இடைவெளி. முதல் நாளே வரிசையில் நின்று போட்டவனுக்குக்கூட செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் ரயில். அதுவரை அவன் வயிறு எதில் போகும்? 780 ரூபாய் கொடுத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே போட்டுக்கொண்டவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனார். ஏழைக்கு நியாயமான நேரத்தில் ஊசியைக் கொடுக்காமல், ஊசி இல்லை என்று அவன் ரயிலை மறிப்பது என்ன பொறுப்பு?

பாதிக்கப்பட்டவர்களின் பெற்றோர் நஷ்டஈடு கேட்டு உச்ச நீதிமன்றம் போனபோது, மத்திய சர்க்கார் 2022இல் சொன்ன பதிலையும் கேளுங்கள்: ஊசி கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரில் போட்டது, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ரயில் வாசலில் கட்டாயம், நஷ்டஈட்டு வாசலில் விருப்பம்! பிரிட்டனில் ஊசியால் ஊனமுற்றவருக்குப் பணம் கொடுக்க 1979லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே 2021 ஜனவரியில் ஊசி இயக்கம் தொடங்கியபோது அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. சமூகத்துக்காகக் கையை நீட்டியவனுக்கு ஒன்று நேர்ந்தால் சமூகம் அவனைத் தாங்க வேண்டாமா?

2022 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் பலவந்தமாக ஊசி போட வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. போடாதவர்கள் மீது விதித்த தடைகள் அன்றைய நிலையில் அளவுக்கு மீறியவை என்றும் சொன்னது; போட்டவரைவிடப் போடாதவர்தான் அதிகம் பரப்புகிறார் என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்றது. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் அதே தீர்ப்பு, ஊசிக் கொள்கை தவறு என்று சொல்லவில்லை என்பதைச் செல்போன் வீரர்கள் மறைக்கிறார்கள். கொரோனா ஊசி சாவைக் குறைத்ததே தவிரப் பரவலை முழுதாக நிறுத்தவில்லை; தட்டம்மை ஊசி பரவலையே நிறுத்தும். முன்னதற்குச் சொன்ன நியாயத்தைப் பின்னதற்கு ஒட்ட வைப்பது மோசடி.

எனவே நமது நிலை இது. போலீஸையோ, ரேஷன் கார்டையோ, ரயில் பாஸையோ காட்டி ஊசி போடுவதை எதிர்ப்போம். அதே மூச்சில், போடாதவரின் வாசலுக்குப் போய் ஏன் என்று கேட்போம். கேட்கிற உரிமை அடுத்த கோலிக்காரருக்கு உண்டு. காய்ச்சல் வந்தால் லீவு எழுதிப் போட்டுப் படுத்துக்கொள்ள நம்மைப் போன்ற நிரந்தர ரயில்வே ஊழியருக்கு வசதி இருக்கிறது. நாக்காவில் நிற்கும் தோழருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சகோதரிக்கும் இல்லை. பிள்ளைக்கு ஊசி போட்ட மறுநாள் தாய்க்குக் கூலியோடு ஓய்வு வேண்டும் என்று கேட்பதும் இந்தப் போராட்டத்தில் அடக்கம்.

மே மாத லீவுக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஊசி அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வருகின்றன; இங்கே நர்ஸ் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை; இரண்டாம் தவணை போய்விடுகிறது. அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த மாநிலத்துக் குழந்தையானாலும் மாநகராட்சி ஆரோக்கிய நிலையத்தில் இந்த ஊசி இலவசம். தவணை தப்பினாலும் ஐந்து வயது வரை போடலாம். கிளைத் தோழர்கள் தத்தம் தெருவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெயரையும், எத்தனை தவணை ஆயிற்று என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வரவும். மராத்தி தெரியாத தாய்மாரோடு ஆரோக்கிய நிலையத்துக்குத் துணைக்குப் போக முன்வரும் சகோதரிகள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.