நடுவயது ஸ்திரீகளும் வைத்தியச் செலவும்

பிரசவம் என்றால் நமது குடும்பங்கள் கடன் வாங்கியாவது செலவு செய்கின்றன. குழந்தைக்கு ஜுரம் கண்டால் இரவென்றும் பாராமல் டாக்டரைத் தேடி ஓடுகிறோம். ஆனால் வீட்டைத் தாங்கி நின்ற தாய்க்கு நாற்பது வயது கடந்து, உறக்கம் கெட்டு, உடம்பு திடீர் திடீரென்று அனலாய்க் காய்ந்து, மாதவிடாய் முறை தவறத் தொடங்கினால், அதைச் சொல்ல அவள் கூசுகிறாள். கேட்க வீட்டார் கூசுகிறார்கள். இந்தக் கூச்சத்தினால் விளையும் துன்பம் ஒருபுறமிருக்க, வீண் பணச்செலவும் இதனாலேயே நேருகிறது என்பதை நமது வாசகர்கள் சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். மேல்நாட்டு ஸ்திரீகளுக்கு இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. நமது தேசத்தில் 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்கு முந்திய சில வருஷங்களே மேற்சொன்ன உபத்திரவங்கள் தோன்றும் காலம். இது வியாதியன்று, ஆனால் உபத்திரவம் மெய்யானது. படபடப்புக்கு இருதய வைத்தியர், மூட்டு வலிக்கு எலும்பு வைத்தியர், தூக்கமின்மைக்கு நரம்பு வைத்தியர் என்று ஒரே காரணத்துக்கு மூன்று வாசல்களில் பணம் கட்டும் குடும்பங்கள் பல. எல்லாவற்றையும் ஒருங்கே ஒரு வைத்தியரிடம் சொன்னால், இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

ஹார்மோன் அளவுப் பரிசோதனையும் இத்தகைய செலவே. இக்காலத்தில் அந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால், ஒரு நாள் எடுத்த ரத்தம் மறுநாளைக்குச் சாட்சியாகாது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, குறிகளைக் கேட்டறிந்தே நிச்சயிக்கலாம், இப்பரிசோதனை வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் ஸ்தாபனம் 2015-இல் விதித்தது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதே பயனுள்ளது. இவற்றைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் செலவின்றிச் செய்துகொள்ளலாம்.

ஹார்மோனைச் சமப்படுத்துவதாக விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் டானிக்குகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகும், எள்ளும், கீரையும், மோரும், தினசரி நடையும் எலும்புக்குத் தரும் பலத்தை அவை தருமென்பதற்கு ஆதாரமில்லை. உபத்திரவம் பொறுக்க முடியாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று அதன்மீது பெரும் பீதியைக் கிளப்பியது. அதில் சேர்ந்திருந்த ஸ்திரீகளின் சராசரி வயது 63. அறுபதுக்குட்பட்டவர்களுக்கு, மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு, பொதுவாகத் தீமையைவிட நன்மையே அதிகம் என்பது பின்னால் தெளிந்தது. மார்பகப் புற்றுநோயோ, ரத்தக் கட்டியோ கண்டவர்கள் போன்ற சிலர் விலக வேண்டும். வைத்தியரைக் கேட்டு முடிவு செய்வதே முறை.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் வேறொன்று. மிகுதியான உதிரப்போக்கு என்று போகிறவளிடம், "குழந்தைகள் பிறந்துவிட்டனவே, இனி கர்ப்பப்பை எதற்கு?" என்று கேட்டு அதை எடுத்துவிடும் வழக்கத்தையே குறிப்பிடுகிறோம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல சர்வேயின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு மூவருக்கு மேல் கர்ப்பப்பையை இழந்தவர்கள். இந்த ஆபரேஷன்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. மஹாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் ஸ்திரீகளில் 13,000-க்கு மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-இல் வெளிவந்தது. விடாயினால் ஒரு நாள் கூலி போகக்கூடாதே என்று வாழ்நாள் முழுவதற்கும் உடம்பை ஒப்புக்கொடுத்த கதை அது. 2008-இல் தொடங்கிய சர்க்கார் இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தின் பணத்தைக் கருதி பீஹார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாகாணங்களில் அவசியமற்ற ஆபரேஷன்கள் நடந்தன என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. இதைத் தடுக்க மத்திய சர்க்கார் வகுத்த விதிகளை மூன்று மாதத்துக்குள் ஏற்குமாறு 2023 ஏப்ரலில் கோர்ட்டார் மாகாணங்களுக்கு உத்தரவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு இன்ஷ்யூரன்ஸ் பணம் கொடுக்கிறது. வைத்தியரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவதற்குக் கொடுப்பதில்லை. எனவே கத்தி மலிவாகத் தோன்றுகிறது. உண்மையில் அது மலிவன்று. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், ஆண்டுகள் பலவற்றில் மெல்ல வரவேண்டிய மாறுதல் ஒரே நாளில் வந்துவிடுகிறது. எலும்பும் இருதயமும் முன்னதாகவே தளர்கின்றன. பின்னால் வரும் வைத்தியச் செலவுக்கு எந்த இன்ஷ்யூரன்ஸ் பொறுப்பு? உதிரத்தைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமில மாத்திரையும், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் நமது தேசத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆபரேஷனுக்குச் சம்மதிக்குமுன், இவற்றைப் பரீக்ஷித்தாயிற்றா என்று கேட்பதும், இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயத்தைப் பெறுவதும் ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை.

ஆனால் சிக்கனம் வேறு, அசட்டை வேறு. உதிரப்போக்கு மிகுந்தாலும், ஒழுங்கு தவறி அடிக்கடி கண்டாலும் காரணத்தைப் பரிசோதித்தே ஆகவேண்டும். நின்று ஒரு வருஷமான பிறகு ஒரு துளி கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அது புற்றுநோயின் முதற்குறியாக இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். மருந்து வாங்குவோர் 2008-இல் பிறந்த ஜன் ஔஷதி கடைகளையும், 2025-இல் நமது மாகாணத்தில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களையும் நாடலாம். ஜெனரிக் மருந்து விலையில் குறைந்ததேயன்றிக் குணத்தில் குறைந்ததன்று.

குடும்பங்களுக்குச் சொன்னோம், இனிச் சர்க்காருக்குச் சொல்கிறோம். இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல் ஸ்திரீகள் 19.30 பவுன் ஒருமுறை கட்டினால், வருஷம் முழுவதும் ஹார்மோன் மருந்துகளை வேறு கட்டணமின்றிப் பெறும் ஏற்பாடு வந்தது. இரண்டு மருந்துகளின் கட்டணத்தில் ஓராண்டு வைத்தியம்! நம்மிடம் அதைவிடச் சிறந்த அஸ்திவாரம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கத் துணிந்தோம். அந்த வாசலில் நாற்பது கடந்த ஸ்திரீயிடம், "தூக்கம் வருகிறதா, விடாய் ஒழுங்காக இருக்கிறதா?" என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கச் செலவென்ன? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு பிற்பகலை இவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். ஹார்மோன் சாதனம் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் ஒவ்வொன்றின் காரணத்தையும் தணிக்கை செய்து, கணக்கை ஜனங்களுக்கு வெளியிட வேண்டும்.

பிள்ளை பெறும்வரை ஸ்திரீயைப் பேணி, பெற்ற பின் மறந்துவிடும் தேசம் தன்னை நாகரிக தேசமென்று சொல்லிக்கொள்ளலாகாது. புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை உங்கள் வீட்டு அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பணத்தை மட்டும் கொடுத்தனுப்பாமல் கூடவே போங்கள், டாக்டர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வீண் செலவைத் தடுக்க அதைவிட மலிவான மருந்து இல்லை.