சோற்றுக்கு ஒரு சபை

நம் ஊர்களில் எதற்குத்தான் சங்கம் இல்லை? சங்கீதத்துக்குச் சபா இருக்கிறது. கோயிலுக்கு அறங்காவலர் குழு இருக்கிறது. புதிதாகப் பத்து வீடுகள் எழும்பிய இடத்தில்கூட, கிருகப்பிரவேசத்துக்குக் கட்டிய மாவிலை காய்வதற்குள் குடியிருப்போர் நலச் சங்கம் தோன்றி, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பலகை எழுதி மாட்டிவிடுகிறது. சிரிப்பதற்குக்கூட மன்றம் வைத்திருக்கிறோம். ஆனால் பிறந்த நாள் முதல் கண்மூடும் நாள் வரை ஒவ்வொரு மனிதனும் தவறாமல் செய்கிற காரியம் சாப்பிடுவது. அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஊரார் கூடிப் பேச ஓர் இடம் கிடையாது.

ஊருக்கு ஊர் ஓர் உணவுச் சபை வேண்டும் என்பது என் கட்சி. விளைவிக்கிறவன், விற்கிறவன், சமைக்கிறவள், உண்கிறவள் ஆகிய நால்வரும் அதிகாரியோடு சமமாக உட்கார்ந்து, இந்த ஊருக்கு என்ன வருகிறது, யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டும். கேட்ட கேள்விக்குச் சர்க்கார் எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. இது ஒன்றும் பெரிய புரட்சி அல்ல. இருந்தும் இதைச் சொன்னவுடன் மூன்று ஆட்சேபங்கள் எழும். மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதல் ஆட்சேபம்: "எல்லாம் சர்க்கார் செய்கிறதே, நாம் எதற்கு?"

செய்யவில்லை என்று யார் சொன்னார்கள்? இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தலை வணங்காதவன் நன்றி கெட்டவன். 1920-இல் சென்னை நகரசபை, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியது. 1956-இல் காமராஜர் அதை ராஜ்யம் முழுவதற்கும் விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்து சேர்ந்தது. ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ரேஷன் கார்டு என்ற கொள்கையைப் பிற ராஜ்யங்கள் கைவிட்ட காலத்திலும் நாம் விடவில்லை. 2011 முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை.

சரி. இத்தனைக்கும் பிறகு, 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிலும் பாதிக்கு மேல். வயிறு நிறைந்திருக்கிறது, உடம்பில் ரத்தம் இல்லை. இலவசமாக அரிசி வாங்கிப் போகிற பெண்ணின் முகம் ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்க வேண்டியது யார்?

கேட்க ஆளில்லை. ஏனென்றால் அவள் வயிற்றை ஆறு இலாகாக்கள் பங்கு போட்டுக் கொண்டிருக்கின்றன. அரிசியைக் கொள்முதல் செய்வது நுகர்பொருள் வாணிபக் கழகம். அதைப் படியளக்கிற கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்தவை. அவள் பிள்ளைக்கு மத்தியானச் சோறு போடுவது சமூக நல இலாகா. உழவர் சந்தை வேளாண் வணிக இலாகாவினுடையது. தினசரி மார்க்கெட் நகராட்சியினுடையது. அவளுக்குச் சத்து மாத்திரை தருவது சுகாதார இலாகா. ஒவ்வோர் இலாகாவும் தன் கடமையைச் செய்ததாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பொய்யும் அல்ல. ஆறு கணக்கையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

2021 சுதந்திர தினத்தன்று பிரதம மந்திரி, சர்க்கார் திட்டங்களில் வழங்கும் அரிசி அனைத்திலும் 2024-க்குள் சத்துச் சேர்க்கப்படும் என்று அறிவித்தார். ஆலையில் இரும்புச் சத்தேற்றிச் செய்த அரிசிமணியைச் சாதா அரிசியோடு கலப்பது இதன் முறை. அதில் நன்மை உண்டா, இல்லையா என்பதை வைத்தியர்கள் வாதாடட்டும். என் கேள்வி வேறு. அந்தச் சோற்றைத் தின்னப் போகிறவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? "உன் வீட்டில் கீரை வாங்குகிறாயா? ஏன் வாங்குவதில்லை? விலையா, தூரமா, அடுப்படியில் நிற்க நேரமில்லையா?" என்று கேட்டிருந்தால், அந்தந்த ஊருக்கு ஏற்ற மருந்து அந்தந்த ஊரிலேயே அகப்பட்டிருக்கலாம். கேட்பதற்கு இடமே இல்லாத நாட்டில், பதில் ஆலையிலிருந்துதான் வரும்.

இந்த ஒரு மேஜை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னைப் பட்டணம் ஒருமுறை பார்த்துவிட்டது. 1996-இல் கோயம்பேட்டு மார்க்கெட் திறந்த பிறகு, பட்டணத்துக்கு வரும் காய்கறி முழுவதும் ஏறக்குறைய அந்த ஒரு வாசல் வழியே வந்தது. 2020-இல் கொள்ளை நோய் அங்கே பரவியது. மே மாதம் 5-ஆம் தேதி கதவைச் சாத்தினார்கள். காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போயிற்று; பூவும் பழமும் மாதவரத்துக்குப் போயின. இடையிலிருந்த நாட்களில் தோட்டத்தில் காய் வாடியது. தெருவில் விலை ஏறியது. விளைந்த காய் இருந்தது, பசித்த வாயும் இருந்தது. நடுவே வழி அடைபட்டது. லட்சோப லட்சம் வாய்களுக்கு ஒரே வாசல் போதுமா என்று அதற்கு முந்தைய இருபத்து நான்கு வருஷங்களில் கேட்பதையே தன் வேலையாகக் கொண்ட ஒரு சபை பட்டணத்தில் இருந்ததில்லை. கேட்கக் கடமைப்பட்டவர்கள் இல்லாத கேள்வி, ஆபத்து வந்த பிறகே கேட்கப்படும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் சாமர்த்தியமானது: "கமிட்டி என்றால் கட்சிக்காரர்கள் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு கமிட்டி எதற்கு?"

இதில் உண்மை இருக்கிறது. கமிட்டி இல்லாமல் நாம் கஷ்டப்படவில்லை. காகிதத்தில் நிறையவே இருக்கிறது. 2013-ஆம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மாநிலம், மாவட்டம், வட்டாரம், நியாயவிலைக் கடை ஆகிய நான்கு நிலைகளிலும் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 29-ஆவது பிரிவு. உள்ளாட்சிகளுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், ஆதரவற்றோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கும் அதில் உரிய இடம் தரவேண்டும் என்கிறது. ரேஷன் சம்பந்தமான பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்கிறது 27-ஆவது பிரிவு. 2016 நவம்பர் முதல் இந்தச் சட்டம் தமிழ்நாட்டிலும் செல்லும்.

நாளைக்குக் காலையில் உங்கள் தெரு ரேஷன் கடைக்குப் போய், "இந்தக் கடையின் கண்காணிப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரைக்கு ஆதாரம்.

சட்டம் செய்த பெரியவர்களின் மனப்போக்குக்கு இன்னோர் அத்தாட்சியும் தருகிறேன். 1992-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒரு ஜாபிதாவும் நகரசபைகளுக்கு ஒரு ஜாபிதாவும் சேர்த்தார்கள். பஞ்சாயத்து ஜாபிதாவில் 29 விஷயங்கள். பொது விநியோகம் அதில் ஒன்று. நகர ஜாபிதாவில் 18 விஷயங்கள். மயானம் இருக்கிறது. மாட்டுப் பட்டி இருக்கிறது. கசாப்புக் கூடம் இருக்கிறது. தெரு விளக்கும் வண்டி நிறுத்துமிடமும்கூட இருக்கின்றன. உணவு என்ற சொல் இல்லை. செத்தவனைப் பற்றி நகரம் யோசிக்கலாம். உயிரோடிருப்பவன் என்ன சாப்பிடுகிறான் என்பது நகரத்தின் கவலை அல்ல! சுகாதாரம், வறுமை ஒழிப்பு என்ற பொதுச் சொற்களுக்குள் அது அடங்கும் என்று வக்கீல்கள் வாதிக்கலாம். அடங்கியிருந்த லட்சணத்தைத்தான் மேலே பார்த்தோமே.

வேறு நாடுகளில் நகரங்கள் இந்தக் கவலையை ஏற்றிருக்கின்றன. அமெரிக்காவில் நாக்ஸ்வில் என்ற நடுத்தர நகரம் 1982-லேயே உணவுக் கொள்கைச் சபை ஒன்றை அமைத்தது. பிரேசில் நாட்டில் பெலோ ஹொரிசோன்டே என்ற பெருநகரத்தில், 1993-இல் பட்ரூஸ் அனனியாஸ் என்ற மேயர் பதவிக்கு வந்தார். உணவு ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை என்று அறிவித்து, அதற்கென்று நகராட்சியில் தனி இலாகா வைத்தார். தொழிலாளர், வியாபாரிகள், மாதா கோயில்காரர்கள், சாதாரணக் குடிமக்கள் எல்லாரும் உட்காரும் ஆலோசனைச் சபையும் கூட்டினார். கிராமத்து விவசாயி நேரே வந்து விற்க நகரில் இடங்கள் கிடைத்தன. நகராட்சி மனையில் கடை போட்ட வியாபாரி சில பண்டங்களைக் கட்டுப்பாட்டு விலைக்கு விற்பதோடு, வாரக் கடைசியில் ஏழைகள் வாழும் பேட்டைக்கும் சரக்கைக் கொண்டுபோக வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். கடைக்குக் கடை விலை விசாரித்துப் பஸ் நிறுத்தங்களில் ஒட்டினார்கள். இவ்வளவுக்கும் ஆன செலவு நகராட்சி பட்ஜெட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டவில்லை.

அந்த நாட்டின் தேசிய உணவுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு இடம் பொதுமக்கள் தரப்புக்கு. பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய சர்க்கார் தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் பொருள் வாங்கவே செலவிட வேண்டும் என்று 2009-இல் அங்கே சட்டம் வந்தது. அந்தச் சபைக்கு இருந்த மதிப்பை அதன் விரோதிகளே நிரூபித்தார்கள். 2019 ஜனவரி 1-ஆம் தேதி பொல்சொனாரோ ஜனாதிபதியானார். பதவியேற்ற அன்றைக்கே சபையைக் கலைக்க உத்தரவு போட்டார். 2023-இல் லூலா திரும்பி வந்த பிறகே அதற்கு மீண்டும் உயிர் வந்தது. ஒன்றுக்கும் உதவாத கமிட்டியை யாராவது முதல் நாளே கலைப்பார்களா? நம் ஊர்க் கண்காணிப்புக் குழுவைக் கலைக்க எவரும் கவலைப்படுவதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நாற்காலிகளைக் கட்சிக்காரர்கள் பிடிக்காமலிருக்க வழி, நாற்காலியே போடாமலிருப்பது அல்ல; யாருக்கு எந்த நாற்காலி என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான். இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2014-ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே, அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தள்ளுவண்டிக்காரருக்குச் செய்ததைச் சாப்பிடுகிறவர்களுக்குச் செய்யக்கூடாதா?

நான் கேட்பது நான்கே விதிகள். ஒன்று, சபையில் பாதிப் பேர் ரேஷன் அரிசியை வாங்கி, வீட்டில் உலை வைக்கிற பெண்களாக இருக்க வேண்டும். இரண்டு, சத்துணவுக் கூடத்துச் சமையல்காரர், சுற்றுவட்டார விவசாயி, மார்க்கெட் வியாபாரி ஆகியோரை அவரவர் கூட்டத்தாரே தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். மூன்று, ஆறு இலாகா அதிகாரிகளும் கணக்குகளோடு மாதம் ஒருமுறை வந்து, ஊரார் முன்னிலையில் உட்கார வேண்டும். நான்கு, சபை கேட்கும் கேள்விக்கு முப்பது நாளில் எழுத்து மூலம் பதில் தந்து, அதை ரேஷன் கடை வாசலில் ஒட்ட வேண்டும். நான்காவது விதி இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வீண். சபை டீயும் பிஸ்கோத்தும் தின்று கலையும்.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது நம் போன்றவர்களின் மனத்தில் இருக்கிறது: "நாங்கள் ரேஷன் அரிசி சாப்பிடுவதில்லை; எங்களுக்கென்ன?"

இதை வாசிக்கிற உங்களில் பலரிடம் ரேஷன் கார்டு இருக்கும், விலாசத்துக்கு அத்தாட்சியாக. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று கார்டை மாற்றி வாங்கியவர்கள் இருப்பீர்கள். எதுவுமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் இருப்பீர்கள். ஏழைக்கு விட்டுக் கொடுத்ததாக நினைத்துப் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் விட்டுக் கொடுத்தது அரிசியை மட்டும் அல்ல. வாய் உள்ளவன் வரிசையை விட்டு விலகியதும், அங்கே கேள்வியும் குறைந்துவிட்டது. எடை குறைந்தால் மனு எழுதத் தெரிந்தவர், பருப்பு வரவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் வரை போகத் தெரிந்தவர், இன்று அந்த வரிசையில் இல்லை. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு நிற்கிற பெண்ணுக்குச் சண்டை போட அவகாசம் ஏது?

இன்னும் சிலர் அரிசியை வாங்கி, முகர்ந்து பார்த்து முகம் சுளித்து, வீட்டு வேலைக்கு வருகிறவளிடம் "எடுத்துக்கொள்ளம்மா" என்று தானம் பண்ணுகிறோம். நமக்கு ஆகாத அரிசி அவளுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்பதில்லை. பிறந்த நாளைக்கு அநாதை விடுதியில் ஒருவேளை பாயசம் போட்டுப் புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். அன்னதானம் உயர்ந்த தர்மந்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் தானத்தில் கொடுப்பவன் மேலே நிற்கிறான், வாங்குபவன் கீழே நிற்கிறான். சபையில் இருவரும் ஒரே உயரத்து நாற்காலியில் உட்கார வேண்டும். அதனால்தான் தானத்துக்குத் தாராளமாகக் கை நீளுகிறது. சபை என்றால் நமக்கு நேரமில்லாமற் போகிறது.

வழி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கிராமத்துக்குக் கிராம சபை இருக்கிறது. நகரத்துக்கும் 2022 முதல் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் வந்திருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் சாக்கடையும் தெருநாயும் பேசி முடிந்த பிறகாவது ஒருவர் எழுந்து இரண்டு கேள்விகள் கேட்கட்டும். எங்கள் கடையின் கண்காணிப்புக் குழு எங்கே? அதில் இந்தத் தெருப் பெண்கள் எத்தனை பேர்? இந்த இரண்டு கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு, அதே ரேஷன் வரிசையில் நிற்கிற ஒருத்தியை உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். பேச வேண்டியவள் அவள். நீங்கள் செய்ய வேண்டியது, அவள் பேசி முடிக்கிற வரையில் யாரும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வது.